கோரை

மூன்றாம் முறையும் வியாழக்கிழமைதான் போனேன்.
சம்மாந்துறை, வயலை ஒட்டிய மில்.
மூடியைக் கழற்றினால் முதலில் தவிடு,
பிறகு ஒரு பல்லிமுட்டை ஓடு,
அதற்கும் பிறகுதான் கணினி.

"நீயும் ஒவ்வொருக்கா ஒவ்வொரு பேர் செல்றாய் புள்ள,
வந்த சாமான் போகுதில்ல."
கணக்கு எழுதும் மஹ்றூப் காக்கா
பிளேன்டீயை என் பக்கம் தள்ளினார்.

முதல்முறை ஸ்கேன் போட்டு அழித்தேன்.
இரண்டாம் முறை சேஃப் மோடில் போய்,
பிரிண்டர் சேவை என்று பேர் சூடிப் படுத்திருந்ததை
வாலைப் பிடித்து இழுத்து,
ரெஜிஸ்ட்ரிக்குள் அது போட்டிருந்த
பதின்மூன்று குட்டிகளையும் ஒவ்வொன்றாய்.
வீடு போக இரவு ஒன்பது.
வெள்ளி, மில் பூட்டு.
ஞாயிறு காலை போன்: "வந்திருக்கு."

கோரை பிடுங்கியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்,
புல் கையோடு வந்துவிடும்,
வந்ததே என்று நினைக்க வைப்பதுதான்
அதன் வேலை.

இம்முறை நான் அழிக்கவில்லை.
கேட்டதையெல்லாம் அது எங்கே எழுதி வைக்கிறது
என்று தேடினேன்.

ஒரு கோப்பு. மூன்று பெரும்போகம் நீளம்.
நாடு இத்தனை மூடை, சம்பா இத்தனை,
லொறி வாடகை, கரண்ட் பில்.
இடையிடையே, வியாழன்களில் மட்டும், ஐந்து மணிக்குப் பின்,
ஆங்கில எழுத்துக் குப்பை.
பாமினி.
கண்ணால் வாசிக்க வராது எனக்கு.
மேசை விளிம்பில் விரலால் தட்டித் தட்டிப் பார்த்தேன்,
விரல் வாசித்தது:

*மதிப்புக்குரிய முதலாளி அவர்களுக்கு,
எனது வேலையிலிருந்து*

அதன் கீழே அம்புக்குறிகள்.
பின்னோக்கி, பின்னோக்கி,
'ம' வரைக்கும்.

அடுத்த வியாழன் இடுப்பு வலி என்று ஒரு காரணம்.
அதற்கடுத்தது,
*உங்கள் மகன் என்னை டேய் என்று*
அங்கிருந்தே அம்புகள்.
நோன்பு மாதத்தில் ஒன்றுமில்லை.
பெருநாள் கழிந்து ஒரே சொல்: *போதும்.*
ஐந்து அம்பு.

பக்கத்தில் மஹ்றூப் காக்கா
ரப்பர் பேண்டால் பில்களைக் கட்டிக்கொண்டிருந்தார்.
நான் தட்டுவதை நிறுத்திவிட்டேன்.
எவனோ ஒட்டுக்கேட்கிறான் என்று வந்தவள்
இவ்வளவு நேரமும் என்ன செய்துகொண்டிருந்தேன்?

ஹாஜியார் வந்தார்.
"கணக்கு ஒருக்காப் பார்ப்பம்" என்று
சாவிக்கொத்தை எடுத்தார்.
சாவிகளுக்கு நடுவே, சிவப்பாய், ஒரு பென்டிரைவ்.
சனிக்கிழமை தோறும் பார்க்கிற கணக்காம்,
இந்தச் சனி கல்யாணமாம், அதனால் இன்றைக்கு.

கிழங்கு வயலில் இல்லை.
சட்டைப் பையில்.

உமிக்குவியல் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னேன்.
கோபப்படுவார் என்றுதான் ஹெல்மெட்டையும் எடுத்துப் போனேன்.
ஆதம்லெவ்வை ஹாஜியார் உமியைக் காலால் கிளறினார்.
"மகன் கொழும்பில வாங்கித் தந்த. களவு பிடிக்க.
களவு ஒண்டும் இல்ல புள்ள.
இதத்தான் கண்டன்.
கிழமைக்குக் கிழமை வாசிச்சிப்போட்டு
நித்திரை இல்லாமக் கிடக்கன்.
அவன் போனா நான் மில்லப் பூட்டணும்."
சற்றுப் பொறுத்து,
"ரெண்டு தரம் சம்பளம் கூட்டின. ஏனெண்டு அவன் கேக்கவுமில்ல."

பென்டிரைவை வாங்கி
மில் கல்லில் வைத்து உடைத்தேன்.
அதற்குத் தனியாகக் காசு எடுக்கவில்லை.

உள்ளே வந்து முழுவதையும் துடைத்து
புதிதாய் ஏற்றி முடிக்க ஆறே கால்.
மூவாயிரத்து ஐந்நூறுக்கு வவுச்சர் எழுதும்போது
மஹ்றூப் காக்கா தலை நிமிராமல் கேட்டார்:

"இனி அழிச்சா, அழிஞ்சிருமா?"

அழிஞ்சிரும் காக்கா, என்றேன்.
ஒருத்தரும் பார்க்கேலாது.

வவுச்சரில் தேதி போட மறந்து
கொஞ்ச நேரம் திரையையே பார்த்திருந்தார்.
அது அவருக்கு
நல்ல செய்தியாகப் பட்ட மாதிரி இல்லை.